அப்பாகிட்ட சொல்லு

6 ஜூலை 2025, ஞாயிறு

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு மசாலாக் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் வகுப்பு. தம்பதியர், குடும்ப ஆற்றுப்படுத்தல், அதாவது கவுன்சிலிங் - இரண்டு வருடப் பகுதிநேரப் படிப்பு. பன்னிரண்டு பேரில் நான்தான் மூத்தவன். நாற்பத்தொன்பது வயதில் புத்தகப் பை தூக்குகிறேன்.

இன்று அவரவர் குடும்பத்தை வரையச் சொன்னார்கள். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். நெருக்கம் என்றால் இரட்டைக் கோடு, விலகல் என்றால் புள்ளிக்கோடு, சண்டை என்றால் ரம்பப் பல். நான் ஒரு சதுரம் போட்டு சுகுமாரன் என்று எழுதினேன். பக்கத்தில் வட்டம், ஜெகதீஸ்வரி. கீழே சின்ன வட்டம், லோஷினி, 20. மகளுக்கும் எனக்கும் இரட்டைக் கோடு, மகளுக்கும் அவள் அம்மாவுக்கும் இரட்டைக் கோடு. எனக்கும் ஈஸ்வரிக்கும் நடுவில் ரூலர் வைத்து ஒரே கோடு.

எங்கள் ஆசிரியை சலேஹா என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். என் பின்னால் வெகுநேரம் நின்றார். “கோடு அழகா இருக்கு அண்ணே. ஃப்ரீஹேண்டா போட்டா எப்படி வரும்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். என்ன அர்த்தம்? கீழிருந்து ஏலக்காய் வாசம் வந்துகொண்டே இருந்தது. மதியத்துக்கு மேல் பாதி வகுப்பு கனவிலேயே போயிற்று.

ஆயர் ஈத்தாமுக்கு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால் மலையைக் காணோம், முழுக்க மேகம். ஹாலில் உட்கார்ந்தேன். அடுப்படியில் ஈஸ்வரி. எண்ணி ஆறு எட்டு வைக்கும் தூரம்.

“லோஷினி, அப்பாகிட்ட சொல்லு, கேஸ் முடியப் போகுதுன்னு.”

அறைக்குள்ளிருந்து மகள்: “அப்பா, கேஸ் முடியப் போகுதாம்.”

“அம்மாகிட்ட சொல்லு, நாளைக்குக் கடைக்கு போன் பண்றேன்னு.”

எங்கள் வீடு இப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கிறது. என் அப்பா வேலு ஆயுசு முழுக்க என் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஒங்கம்மாகிட்ட கேளு” என்று எங்களைத்தான் அனுப்புவார். எங்கள் பக்கத்தில் அது மரியாதை. இதற்கெல்லாம் ரம்பப் பல் போட முடியுமா?

10 ஜூலை, வியாழன்

விடியற்காலையில் கனவு. ஃபெரிப் படகில் ஆட்களே இல்லை. நாற்காலிகளில் சதுரங்களும் வட்டங்களும் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. எழுந்த பிறகும் அந்த அமைதி உடம்பில் இருந்தது.

20 ஜூலை, ஞாயிறு

இன்றைய பாடம் முக்கோணம். இருவருக்கு நடுவில் பேச முடியாத ஒன்று இருந்தால், அவர்கள் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள். பாரம் அந்த ஆள் மேல் இறங்கும், இருவருக்கும் மூச்சு வரும். மூன்றாவது ஆள் பெரும்பாலும் பிள்ளை. சிறு தேர்வு வைத்தார்கள், இருபதுக்கு இருபது வாங்கினேன். சலேஹா விடைத்தாளைத் தந்தபோது, “தியரி சூப்பர் அண்ணே” என்றார். தியரி என்ற சொல்லில் கொஞ்சம் அழுத்தம் இருந்ததோ? எனக்கு எல்லாமே குத்தலாகத்தான் கேட்கிறது.

ஆனாலும் இந்தப் படிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம், அதில் கடைசி எட்டு வருடம் நலப் பிரிவில். ஷிஃப்ட் முடிந்து வந்து என் மேசைக்கு முன்னால் அழுத ஆண்கள் எத்தனை பேர்! ஒரு கப் மைலோ வாங்கிக் கொடுப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஆறு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டேன். இப்போது ஒரு நலச் சங்கத்தில் அரை நாள். இனிமேல் மைலோவோடு வேறு ஏதாவதும் கொடுக்க முடியும்.

வேலையை விட்டதிலிருந்துதான் ஈஸ்வரி இப்படி. கோபம் இருக்கத்தான் செய்யும். நிரந்தர வேலையாயிற்றே.

2 ஆகஸ்ட், சனி

இன்று என் முதல் தம்பதி. இது எனக்கு நானே எழுதுவதுதான், ஆனாலும் பெயரையும் தொழிலையும் மாற்றியே எழுதுகிறேன். நூர் முகம்மது, ஜன்னத், நாசி கண்டார் சோற்றுக்கடை என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதமாகப் பேச்சில்லை. எதனால் என்று கேட்டால் இருவர் சொல்வதும் வேறு வேறு.

ஒருவழிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சலேஹா. சுவரில் ஒரு தொலைபேசி, அவர் அழைத்தால் எடுக்க வேண்டும்.

ஜன்னத் என்னைப் பார்த்து, “தம்பி, இவருகிட்ட கேளுங்க, நான் கடைக்கு வரக்கூடாதுன்னா யாரு கறி தாளிக்கிறதுன்னு” என்றார். நான் அவர் பக்கம் திரும்பினேன். “அண்ணே, அக்கா என்ன கேக்குறாங்கன்னா, கடைக்கு அவங்க வேணாமான்னு.” அவர்: “சொல்லுங்க தம்பி, ஆளு வச்சாச்சு, அவள வீட்ல கால நீட்டி ஒக்காரச் சொல்லுங்க.” நான் இந்தப் பக்கம்: “அக்கா, அண்ணே ஒங்க ஒடம்ப நெனச்சு கவலப்படுறாரு.” ஜன்னத் தலையசைத்தார். நூர் முகம்மதும் தலையசைத்தார். வெண்ணெய் தடவியது போல் போயிற்று. என் மேல் எனக்கே ஒரு பெருமை.

போன் அடித்தது. “அண்ணே, நாற்காலிய பின்னால தள்ளுங்க.” கேமராவுக்கு மறைக்கிறது போல என்று நினைத்து அரை அடி தள்ளினேன். மறுபடியும் அடித்தது. “இன்னும்.”

முடிந்த பிறகு வீடியோ போட்டுக் காட்டினார். என் நாற்காலி இருவருக்கும் சரி நடுவில் இருந்தது. பந்து பொறுக்குகிறவன் போல இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே இருக்கிறேன். பத்தொன்பது தடவை. சலேஹா எண்ணி வைத்திருந்தார்.

“ரொம்ப நல்லா எடுத்துக் குடுக்குறீங்க அண்ணே. அதான் பிரச்சன. நீங்க இருக்கிற வரைக்கும் அவங்க பேசிக்கவே வேணாம்.” பிறகு குரலைத் தணித்து, “இது எங்க பழகுனது?” என்றார்.

நான் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

என்ன தெரியும் அந்தப் பொண்ணுக்கு? கல்யாணமாகி மூணு வருஷம் இருக்குமா? நான் இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்துறேன்லா. எங்க பழகுனதாம்!

10 ஆகஸ்ட், ஞாயிறு

காலையிலிருந்து பேப்பர் ஓரத்தில் கோடு போட்டேன். லோஷினி எங்கள் இருவருக்கும் நடுவில் எடுத்துப் போன செய்திகள், இரவுச் சாப்பாட்டுக்குள் இருபத்து மூன்று. என்னுடைய பத்தொன்பது எல்லாம் எந்த மூலைக்கு? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை.

எண்ணிக்கை கூடப் பரவாயில்லை. மதியம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து ஈஸ்வரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்: “அந்த மனுஷனுக்குக் காது இருக்கா இல்லையான்னு கேளு. டிவி தெரு வரைக்கும் அலறுது.” லோஷினி ஹாலுக்கு வந்து மென்மையாகச் சொன்னாள்: “அப்பா, டிவி கொஞ்சம் மெதுவா வைக்கணுமாம். அம்மாவுக்குத் தல வலிக்குதாம்.”

கண்ணை மூடியபடியே கிடந்தேன். தலைவலியை அவளாகச் சேர்த்தாள். நான் ‘கவலப்படுறாரு’ என்று சேர்த்தது போல.

அப்படியென்றால் ஆறு வருடமாக என் மனைவி எனக்குச் சொன்னது எது? நான் சொன்னதில் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது எது? ஈஸ்வரியின் காதில் ஒரு சுகுமாரன் இருக்கிறான், லோஷினி எழுதியவன், என்னைவிட நல்லவன். எனக்குத் தெரிந்த ஈஸ்வரியும் அவள் எழுதியவள்தான். இரண்டு பேரும் எங்கள் வீட்டிலேயே எங்களுக்குத் தெரியாமல் குடித்தனம் நடத்துகிறார்கள். வெளியே மழை பிடித்தது. டிவியை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

23 ஆகஸ்ட், சனி

நாற்காலியைச் சுவர் வரைக்கும் தள்ளிவிட்டேன். அவர்கள் நாற்காலிகளை ஒருவருக்கொருவர் எதிராகத் திருப்பினேன். ஜன்னத், “தம்பி, இவருகிட்ட...” என்று ஆரம்பித்தார். “நீங்களே சொல்லுங்கக்கா” என்றேன். வாயை மூடிக்கொண்டார்.

நான்கு நிமிடம் யாரும் பேசவில்லை. ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்து ஓய்ந்தது.

நூர் முகம்மது தரையைப் பார்த்தபடி, “கால் வலி எப்படி இருக்கு?” என்றார்.

ஜன்னத்துக்கு வந்ததே கோபம்! “இத கேக்க பத்து மாசமா? பத்து மாசமா நொண்டுறேன், கண்ணு தெரியலையா?”

“தெரிஞ்சுதான கடைக்கு வராதன்னேன்!”

“வராதன்னீங்க. எதுக்குன்னு சொன்னீங்களா?”

வார்த்தையால் அடித்துக்கொண்டார்கள். நேருக்கு நேராக, என்னை மறந்து. போன் அடிக்கவே இல்லை. வெளியே வந்ததும் சலேஹா ஒரு கப் தே தாரிக் டீயை என் கையில் வைத்தார். வீட்டுக்கு பஸ்ஸில் போகாமல் வெகுதூரம் நடந்தேன். கால்கள் தரையில் படாதது போல் இருந்தது.

4 செப்டம்பர், வியாழன்

லோஷினிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. கடல் தாண்டி கோத்தா கினபாலு, கடல்வாழ் உயிரியல். எட்டு வயதில் மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவள் இன்னும் எழவில்லை என்று சொல்லலாம். அவள் கேட்டதே அதுதான். முதல் விருப்பம்.

“நான் போகலப்பா. இங்கயே ஏதாச்சும் பாத்துக்கறேன்.”

ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். பன்னிரண்டாம் தேதிக்குள் பதில் தர வேண்டும்.

சாயங்காலம் அடுப்படியிலிருந்து ஈஸ்வரி: “லோஷினி, அப்பாகிட்ட சொல்லு, ஒன்ன போகச் சொல்லி ஒங்கிட்ட சொல்லச் சொல்லி.”

லோஷினி என் முன்னால் வந்து நின்றாள். “அப்பா, என்ன போகச் சொல்லி எங்கிட்ட சொல்லணுமாம்.” முகத்தில் சிரிப்பு, கண்ணில் இல்லை. எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அந்தக் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

7 செப்டம்பர், ஞாயிறு

ஆயர் ஈத்தாம் பாசாருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கீரை வாங்கி முடித்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். மலை ரயில் மேகத்துக்குள் நுழைவது தெரிந்தது.

“நெசத்த சொல்லு. ஏன் போகல?”

காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள், ஏதோ பழைய விஷயத்தைச் சொல்வது போல: “நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் எப்படிப்பா பேசுவீங்க? கேஸ் முடிஞ்சா ஒங்களுக்கு யாரு சொல்லுவா?”

“அதுக்காகவா...”

“ஒடம்பு சரியில்லன்னா? விழுந்துட்டா? அம்மா ஒங்கள கூப்புட மாட்டாங்க. நீங்களும் கூப்புட மாட்டீங்க. நான் அங்க மீனு எண்ணிக்கிட்டு இருக்கவா?”

பஸ் வந்தது, போயிற்று. இருவரும் ஏறவில்லை. முக்கோணத்தில் இருபதுக்கு இருபது வாங்கியவன் நான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. பிள்ளை மேல அவ்வளவு பாரத்தையும் ஏத்தி வச்சிட்டு, நான் ஊர்க்காரங்களுக்கு நாற்காலி திருப்பிக்கிட்டு இருக்கேன்.

8 செப்டம்பர், திங்கள்

இன்று பேச முயன்றேன். அடுப்படி வாசல் வரைக்கும் போனேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. ‘லோஷினி அம்மா’ என்றால் அதிலும் அந்தப் பிள்ளைதான் முன்னால் நிற்கிறாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். தாகமே இல்லை.

9 செப்டம்பர், செவ்வாய்

ஈஸ்வரி அக்கரையில், பாகான் டாலாமில், ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. தினமும் ஆறு மணி பஸ், அப்புறம் ஃபெரி. இன்று அவளுக்குத் தெரியாமல் முன்னால் போய் ஃபெரித் துறையில், ஜெட்டியில் நின்றேன். அவள் ஏறிய பிறகு ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கனவில் வந்த ஃபெரி இதுதானோ என்று ஒரு நிமிடம் மயக்கமாக இருந்தது.

பாடப் புத்தகத்து வாக்கியம் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அது வரவில்லை.

“ஈஸ்வரி.”

என்னைப் பார்த்தாள். உடனே திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். பின் இருக்கை காலி. லோஷினியைத்தான் தேடினாள்.

“என்ன, ஒடம்பு சரியில்லையா?” என்றாள்.

“இல்ல. லோஷினி... நாம பேசிக்க மாட்டோம்னுதான் போகமாட்டேங்குறா.”

“தெரியும். எங்கயும் போகமாட்டேன்னு போன வருஷமே எங்கிட்ட சொல்லிட்டா.”

போன வருடமே. அதை எனக்குச் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. அந்த ஒரு செய்தியை மட்டும் லோஷினி கையில் கொடுத்தனுப்ப முடியாதே.

“வேலைய விட்டதுல ஒனக்குக் கோவம். எனக்குப் புரியுது...”

“வேலையா?” ஈஸ்வரி முழுதாக என் பக்கம் திரும்பினாள். “வேலை போனா இன்னொரு வேலை. அத எங்கிட்ட சொல்ல அந்தப் பிள்ளைய அனுப்புனீங்க பாருங்க. பதினாலு வயசு. பள்ளிக்கூட யூனிஃபார்ம்கூட மாத்தல. அடுப்படியில வந்து நின்னு, அம்மா திட்டாதீங்க, அப்பா வேலைய விட்டுட்டாருன்னு சொல்றா. அவ முன்னாடி நான் என்னத்த கோவப்படுறது? அப்படியே முழுங்கிட்டேன். நீங்க ஹால்ல பேப்பர் விரிச்சு வச்சிருந்தீங்க.”

எனக்கு ஞாபகமே இல்லை. இல்லை, பொய். பேப்பர் ஞாபகம் இருக்கிறது. ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது.

“பயமா இருந்துச்சு ஈஸ்வரி.”

“எனக்குந்தான்.”

இன்ஜின் சத்தம் மாறியது. பட்டர்வொர்த் கிட்ட வந்துவிட்டது. நான் விடவில்லை. “அந்த நேரத்துல ஒன் மனசுல என்ன ஓடுச்சுன்னு கொஞ்சம்...”

“எங்கிட்ட பாடம் நடத்தாதீங்க. எறங்கணும்.”

இறங்கி நடந்தாள். நாலு எட்டு போய்த் திரும்பினாள். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் வருவேன்.”

ஆறு வருடத்தில் அவள் எப்போது வருவாள் என்று என்னிடம் சொன்னதில்லை. ஐந்து மணிக்கு ஜெட்டியில் நின்றேன். நாலரைக்கே போய்விட்டேன் என்பதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

11 செப்டம்பர், வியாழன்

இரவுச் சாப்பாடு. மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஈஸ்வரி கரண்டியை எடுத்துக்கொண்டு, “ரசம் ஊத்தவா?” என்றாள்.

லோஷினி வழக்கம் போல வாயைத் திறந்துவிட்டாள். “அப்பா, ரசம்...”

“ஊத்து. கொஞ்சமா” என்றேன், ஈஸ்வரியைப் பார்த்து.

மகளின் வாய் திறந்தபடியே இருந்தது. என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். “எத்தன நாளைக்கு?” என்றாள். நியாயமான கேள்வி. நான் பதில் யோசிப்பதற்குள் ஈஸ்வரி, “அது எங்க பாடு. நீ சாப்புடு” என்றாள்.

லோஷினி எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகைச் சத்தம். நானும் எழுந்தேன், ஈஸ்வரி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அரை மணி கழித்து லேப்டாப்போடு வெளியே வந்து, ஏற்றுக்கொண்டேன் என்ற பொத்தானை எங்கள் முன்னாலேயே அழுத்தினாள்.

27 செப்டம்பர், சனி

விமான நிலையம். எங்களிடம் சொன்ன கடைசி வார்த்தை, “ஆளுக்கு ஒரு தடவ போன் பண்ணுவேன். ஒருத்தர் விஷயத்த இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டேன், ஆமா.” வாடகைக் காடியில் திரும்பி வரும்போது ஈஸ்வரி அழுதாள். நானும் அழுதேன். பேசவில்லை, ஆனால் இது அந்தப் பேசாமை இல்லை.

5 அக்டோபர், ஞாயிறு

வீடு பெரிதாகிவிட்டது. நேற்று ஒரு வார்த்தை தடித்து இரண்டு நாழிகை முகம் தூக்கிக்கொண்டோம். பழைய பயம் எட்டிப் பார்த்தது. பிறகு அவளே வந்து, “ஃபேன போட்டுட்டே தூங்குறீங்க, சளி புடிக்கும்” என்றாள். அதோடு சரி. சலேஹாவிடம் எதுவும் சொல்லவில்லை. பயிற்சி மணிநேரம் எனக்கு இன்னும் நாற்பது பாக்கி.

11 அக்டோபர், சனி

நூர் முகம்மதுவும் ஜன்னத்தும் நான்காவது தடவைக்கு மேல் வரவில்லை. இன்று மதியம் தற்செயலாக அவர்கள் கடையைத் தாண்டினேன். ஜன்னத் உள்ளே ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்தார், நூர் முகம்மது கரண்டியை ஆட்டி எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நம்மிடம் வந்தவர்களை வெளியில் பார்த்தால் நாமாகப் போய்ப் பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலில் விதி. தெரியாதவன் போல நடந்துவிட்டேன். வெயிலில் தெருவே மிதப்பது போல் இருந்தது.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. லோஷினி வர முடியவில்லை, வகுப்பு. ஈஸ்வரி மதியத்திலிருந்து முறுக்கு சுடுகிறாள். நான் பால்கனியில் மலையைப் பார்த்தபடி சாய்ந்திருந்தேன். மேகம் இறங்கி இறங்கி ஃபிளாட்டுக்குள்ளேயே வந்துவிடும் போலிருந்தது. கண் செருகியது.

“கேஸ் முடிஞ்சிருச்சு.”

அடுப்படியிலிருந்து குரல். பழக்கதோஷம், இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்தேன். லோஷினியின் அறைக்கதவு திறந்து கிடந்தது. மெத்தையில் மடித்து வைத்த போர்வை. யாரும் வரவில்லை.

“ஒங்களுக்குக் காது இருக்கா இல்லையா? பாதி முறுக்கு எண்ணெயில கெடக்கு, அங்க என்ன மலையப் பாத்துக்கிட்டு கனவு?”

அந்தப் பழைய வாக்கியம். ஆறு வருடமாக ஒரு பிள்ளை வழியில் நிறுத்தி, தலைவலி என்றும் மெதுவாக என்றும் மாற்றி மாற்றிக் கொடுத்தாளே, அது. இன்று யாரும் கை வைக்காமல், சூடாக, நேராக என் மேலேயே வந்து விழுந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

“இதோ” என்று எழுந்து ஓடினேன். கீழே கடையில் ஆள் சிலிண்டரை இறக்கும் வரைக்கும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஈஸ்வரி போன் பண்ணுகிறாள். இன்னும் கொஞ்சம் திட்டு பாக்கி இருக்கும் போல.